துருவும் முலாமும்: வார்ப்பிரும்புக் கணப்படுப்புகளின் மீட்டெடுப்பை முன்வைத்து

பழைய வார்ப்பிரும்பு அடுப்புகளைச் சீர்செய்து விற்கிற அமெரிக்கக் கடைக்காரர்கள் தங்கள் சரக்கைப் பற்றிச் சொல்லும் ஆகப் பெரிய புகழ்ச்சி, பட்டறையை விட்டு வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது என்பதுதான். இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம். பட்டறையை விட்டு வந்த அன்றைக்கு அந்த அடுப்பில் தீ மூட்டியிருக்கவில்லை. யாரும் அதன் முன்னால் உட்கார்ந்து குளிர் காய்ந்திருக்கவில்லை, சாம்பல் அள்ளியிருக்கவில்லை, அதைத் துடைத்துக் கை கறுத்திருக்கவில்லை. அடுப்பு அடுப்பாக இல்லாமல் வெறும் சரக்காக மட்டும் இருந்த நாள் அது. நூறு வருஷம் உழைத்த ஒரு சாமானிடமிருந்து அந்த நூறு வருஷத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, இந்த ஒரு நாளைத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் ‘மீட்டெடுத்தல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் சண்டை இந்தப் பெயரோடுதான்.

மார்கழி விடியலுக்கு மேல் குளிர் அறியாதவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மிடம் சொல் இருக்கிறது, சாமான் இல்லை. நெடுநல்வாடையில் ‘தடவு’ வருகிறது. ‘இந்தளம்’, ‘கணப்பு’ என்றெல்லாம் அகராதியில் உண்டு. பாட்டி காலத்துக் குமுட்டி அடுப்பு சிலருக்கு நினைவிருக்கலாம். ஆனால் அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர்காலம் முழுக்க அணையாமல் எரிந்த, சில சமயம் ஆள் உயரத்துக்கு நின்ற இரும்புப் பெட்டி வேறு ரகம். உள்ளே விறகோ நிலக்கரியோ எரியும், புகை குழாய் வழியாக வெளியேறும், சூடேறிய இரும்பு அறையைச் சூடாக்கும். சமையல் அதற்கு இரண்டாம்பட்சம். இதைத்தான் கணப்படுப்பு என்று எழுதுகிறேன். ஒரு பழம்பொருளின் ‘மூலம்’ எது என்ற பேச்சு எழுந்தால் தமிழ் படித்தவனுக்குக் காது நிமிர்ந்துவிடும். சுவடியும் பாடபேதமுமாகவே எங்கள் படிப்பு போயிற்று. அதுபோக, இந்த அடுப்பின் பளபளப்பில் நம் பக்கத்து மண்ணும் கலந்திருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் வேலையைப் பார்ப்போம். கணப்படுப்பு ஒரே வார்ப்பு இல்லை. பல தகடுகளை விளிம்புப் பள்ளங்களில் பொருத்தி, இடுக்கைத் தீ தாங்கும் சிமெண்டால் அடைத்து, போல்ட்டுகளாலும் நீண்ட கம்பிகளாலும் இறுக்கிக் கட்டிய பெட்டி அது. மீட்டெடுப்பவர் ஒவ்வொரு தகட்டையும் படம் பிடித்து, எண் போட்டு, பிரிக்கிறார். போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, அதற்கும் மசியாவிட்டால் துளை போட்டு எடுக்க வேண்டும். அடைப்பிலும் கயிற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் மூச்சுக்கும் பாதுகாப்பு வேண்டும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்க்கலாம். சலவை சோடா கரைத்த தொட்டியில் போட்டு மின்சாரம் பாய்ச்சலாம். மணலைப் பீச்சி அடிக்கலாம். கடைசியில் சொன்னதுதான் வேகமானது, அதனால் எல்லோரும் செய்வது. அழுத்தம் கூடினால் துருவோடு வார்ப்பின் மேல்தோலும் போய்விடும். பீச்சி முடித்த இரும்பு சாம்பல் நிறத்தில் அம்மணமாக நிற்கும். ஈரக் காற்று பட்டால் சில மணி நேரத்திலேயே மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கும். உடனே பூச வேண்டும். நிக்கல் பூசிய பாகங்களை முலாம்காரரிடம் அனுப்பி, பழையதை உரித்து, தேய்த்து, புது முலாம் ஏற்றுகிறார்கள்.

விரிசல் இதைவிடச் சிக்கல். சாம்பல் வார்ப்பிரும்பில் கரிமம் மெல்லிய செதில்களாகக் கிடக்கிறது. அந்தச் செதில் வழியாகத்தான் அது உடையும். அடுப்புத் தகடு மெல்லியது, பூ வேலைப்பாடு நிறைந்தது. உருகிய இரும்பு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்ப வேண்டும் என்பதற்காகப் பாஸ்பரஸ் மிகுந்த இரும்பைப் பயன்படுத்தினார்கள். பாஸ்பரஸ் ஓட்டத்தைக் கூட்டும், உறுதியைக் குறைக்கும். அழகும் நொறுங்கும் குணமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. விரிசலை ஒட்ட வேண்டுமானால் தகட்டை முழுசாக மெதுவாகச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, அதே மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும்.

ஒட்ட முடியாத பாகத்தைப் புதிதாக வார்க்க வேண்டும். பழைய பாகத்தையே மாதிரியாக மணலில் அழுத்தி வார்த்தால் புதியது சிறுத்துப்போகும். உருகிய இரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்குகிறது. ஓரடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்பது பட்டறைக் கணக்கு. சரி, முதல் மாதிரியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆசாரி மரத்தில் செதுக்கிய அந்த முதல் மாதிரியிலிருந்து ஓர் இரும்பு மாதிரியை வார்த்து, அதைக் கொண்டுதான் அடுப்புத் தகடுகளை வார்த்தார்கள். இரண்டு சுருக்கத்துக்கும் சேர்த்து அவர் மரத்தைப் பெரிதாகவே செதுக்கியிருப்பார். இன்னொரு பக்கம், பல வருஷம் செக்கச்செவேல் என்று காய்ந்த வார்ப்பிரும்பு ‘வளர்ந்துவிடும்’. இது உவமை இல்லை. உலோகவியலில் வழங்கும் சொல்லே அதுதான். தீக்கலமும் அதன் அடிச் சல்லடையும் வார்த்த அன்றைய அளவைவிடப் பெருத்து, கோணி நிற்கும். ஆக மாதிரி ஓர் அளவு, வார்ப்பு ஓர் அளவு, எரிந்த வார்ப்பு ஓர் அளவு, பிரதி ஓர் அளவு. மூலம் எங்கே இருக்கிறது? பாடபேதம் என்று நாங்கள் ஏட்டில் தேடியது இங்கே இரும்பின் உடம்பிலேயே கிடக்கிறது.

பழைய இரும்போடு உறவாட வேறு வழியும் இருந்தது. பென்சில்வேனியாவின் டாய்ல்ஸ்டவுனில் ஹென்றி சாப்மன் மெர்சர் (1856 - 1930) என்ற அகழாய்வாளர், 1897 வாக்கில் இயந்திரங்களுக்கு முந்திய கைக்கருவிகளைத் திரட்ட ஆரம்பித்தார். குப்பையைச் சேர்க்கிற பணக்காரன் என்றே பலரும் நினைத்தார்கள். அவர் சேகரித்தவற்றில் ஜெர்மானியக் குடியேறிகளின் அடுப்புத் தகடுகளும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐந்து தகடுகளால் செய்த பெட்டி அது. ஆறாவது பக்கம் சுவரோடு திறந்திருக்கும். அடுத்த அறைச் சமையல் கணப்பிலிருந்து சுவர்த் துளை வழியாகத் தணலைத் தள்ளுவார்கள். புகையும் அதே துளை வழியாகத் திரும்பிப் போய்விடும். உட்காரும் அறையில் தீயும் தெரியாது, புகையும் வராது, சூடு மட்டும்தான். தெரிந்தது தகட்டில் இருந்த சித்திரம்: ஆதாமும் ஏவாளும், காயீன் ஆபேலைக் கொல்வது, கானாவூர்க் கல்யாணம், யோசேப்பைப் போத்திபாரின் மனைவி பிடித்து இழுப்பது. 1914இல் மெர்சர் எழுதிய நூலின் பெயர் ‘இரும்பில் பைபிள்’.

அவர் பழைய தகட்டைப் புதுசாக்க முயலவில்லை. கணப்பின் முதுகுத் தகடாகவும் தரையில் பாவிய கல்லாகவும் தேய்ந்து கிடந்ததை எடுத்து, படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த உலையில் எந்த மாதிரியிலிருந்து வார்த்தது என்று சொன்னார். ஒரு பதிப்பாசிரியரின் வேலை. ஆனால் அவரது வாசிப்புக்கும் ஒரு மௌனம் உண்டு. தகடுகளில் வேதக் கதையோடு பெயர்களும் இருக்கின்றன: உலையின் பெயர், முதலாளியின் பெயர். எலிசபெத் உலையை நடத்திய ஸ்டீகல் தன் பெயரை இரும்பிலேயே பொறித்துக்கொண்டார். மணலில் அச்சுப் பிடித்தவன், மரக்கரி சுட்டவன் பெயர் இல்லை. 1771இல் ஹோப்வெல் உலையைத் தொடங்கிய மார்க் பேர்ட் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர். ‘பைபிள்’ என்று வாசிக்கப்பட்டவற்றின் உற்பத்தி உறவு இது. (பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பெயர் இந்தப் பேச்சில் தவறாமல் வரும். அவர் 1740களில் வடிவமைத்த கணப்பு சரியாகப் புகை இழுக்கவில்லை. பிறகு மற்றவர்கள் திருத்தியதற்குத்தான் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் காப்புரிமை வேண்டாம் என்றது மெய். அவ்வளவு போதும்.)

19ஆம் நூற்றாண்டில் அடுப்பு, உலைக்களத்தை விட்டு நகரத்து வார்ப்படச் சாலைக்குப் போனது. ஹட்சன் ஆற்றங்கரையில் ஆல்பனியும் டிராயும் அடுப்பு நகரங்களாயின. 1825இல் திறந்த ஈரி கால்வாய் சரக்கை மேற்கே கொண்டுபோனது. வார்ப்படத் தொழிலாளி பகல் முழுக்க மணலை ஈரம் பார்த்துக் கிளறி, பெட்டியில் இடித்து, மாதிரியை அலுங்காமல் உருவி, பொழுது சாயும் நேரத்தில் உருகிய இரும்பைக் கையகப்பையில் சுமந்து ஊற்றுவார். கூலி உருப்படிக் கணக்கு. கங்காணி கழித்த உருப்படிக்குக் காசில்லை. இரும்பு மந்தமாக வந்தது யார் தப்பு என்று கேட்க முடியாது. ‘பக்’ என்று அழைத்த எடுபிடிப் பையன்களுக்கு அவரே கூலி கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்துச் சங்கம் நெடுங்காலம் போராடியது. 1859இல் அமைந்த தேசிய சங்கத்துக்கு 1863இலிருந்து வில்லியம் சில்விஸ் தலைவர். 1869இல் செத்தபோது அவருக்கு வயது 40.

1866இல் ஆல்பனி, டிராய் முதலாளிகள் ஒன்றுசேர்ந்து கதவடைப்பு செய்தார்கள். அப்போது வார்ப்படத் தொழிலாளிகளுக்கு 1000 டாலர் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? அதே டிராயில் சட்டைக் கழுத்துப்பட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்ட பெண்கள். 1864இல் கேட் மல்லனி தலைமையில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கட்டியிருந்தார்கள். நாள் முழுக்கச் சூட்டில் நின்று வேலை செய்தவர்கள், சூடு உண்டாக்கும் சாமானைச் செய்தவர்களுக்குக் கொடுத்த காசு அது. பழைய அடுப்பின் முதுகில் ‘டிராய், நியூயார்க்’ என்று பொறித்திருந்தால் சேகரிப்பாளர் மகிழ்ந்துபோகிறார். அந்த ஊர்ப் பெயருக்குள் இந்தக் காசு இருப்பதாக எந்த விலைப்பட்டியலும் சொல்வதில்லை.

இன்றைக்கு இந்த அடுப்பைச் சுற்றிப் பின்னப்படும் கதையாடல் ஏக்கம்தான்: பழைய காலம், குடும்பம், கதகதப்பு. வேடிக்கை என்னவென்றால் அடுப்பு வந்த காலத்தில் இதே ஏக்கத்தை அடுப்புக்கு எதிராகத்தான் எழுதினார்கள். திறந்த கணப்பில் தெரிந்த தீயை இரும்புப் பெட்டி மூடிவிட்டது என்று ஹாதர்ன் 1843இல் ‘தீ வழிபாடு’ என்ற கட்டுரையில் துக்கம் கொண்டாடினார். அவர் வீட்டிலும் அடுப்புகள் வைத்தாகிவிட்டிருந்தது. தோரோ, வால்டன் குளக்கரையில் தன் இரண்டாவது குளிர்காலத்தில் அடுப்புக்கு மாறி, முகம் தெரிந்த ஒரு துணையை இழந்ததாக வருத்தப்பட்டார். தோட்டக்கலைஞர் டவுனிங் 1850இல் அடுப்பை விஷம் என்றே தலைப்பிட்டு எழுதினார். அன்றைக்கு வில்லன், இன்றைக்கு வீட்டின் ஆன்மா. ஏக்கத்துக்குப் பொருள் முக்கியமில்லை போலிருக்கிறது, போய்விட்டால் போதும். இந்த ஆண்கள் எல்லோரும் தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தீயை மூட்டியவர்கள் பக்கம் வந்தால் கணக்கு வேறு. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் தன் 1983ஆம் வருஷ நூலில் ஓர் எளிய கேள்வி கேட்கிறார்: அடுப்பு யாருடைய வேலையை மிச்சப்படுத்தியது? அடுப்புக்கு விறகு குறைவாகப் போதும். விறகு வெட்டிப் பிளந்து சுமந்தது ஆண். ஆக மிச்சமானது அவன் வேலை. பெண்ணின் வேலை குறையவில்லை. சமையல் பலவகைப்பட்டது, கூடவே அடுப்பைப் பராமரிப்பது என்று புதிதாக ஒன்றும் சேர்ந்தது. 1899இல் பாஸ்டனில் இல்லப் பராமரிப்புப் பள்ளி ஒன்று ஒரு நிலக்கரி அடுப்பை ஆறு நாள் நேரம் குறித்துப் பார்த்தது. அது சமையல் அடுப்பு. இருந்தாலும் இரும்பு ஒன்றுதான். ஆறு நாளில் 292 பவுண்டு நிலக்கரி போட்டார்கள். தீயைக் கவனிக்க 1 மணி 48 நிமிடம், சாம்பல் சலிக்க 20 நிமிடம், சாம்பல் கொட்ட 30 நிமிடம். எல்லாவற்றிலும் அதிகமாக, கறுப்புப் பூசித் தேய்க்க 2 மணி 9 நிமிடம். எதற்காக? துருப்பிடிக்காமல் இருப்பதற்காக. சூசன் ஸ்ட்ராஸர் 1982இல் வெளியிட்ட தன் நூலில் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இங்கேதான் எனக்கு ‘மீட்டெடுத்தல்’ என்ற சொல் உடைந்துபோகிறது. அடுப்பை மீட்டெடுக்கும் வேலை நூறு வருஷம் கழித்து ஒரு பட்டறையில் முதல்முறையாக நடக்கவில்லை. வாராவாரம் நடந்தது. வீட்டுக்காரியோ, ஐரிஷ் பணிப்பெண்ணோ, முட்டிபோட்டு, குழைத்த கரியைப் பூவேலைப்பாட்டின் பள்ளங்களுக்குள் தூரிகையால் ஏற்றித் தேய்த்தார்கள். வேலைப்பாடு கூடக் கூட பள்ளங்களும் கூடும். அச்சுப் பிடித்த தொழிலாளியின் உழைப்புக்குக் கழிவு போகக் கூலியாவது உண்டு. இந்த உழைப்பில் பாதிக்கு அதுவும் இல்லை. கைவிடப்பட்ட அடுப்பின் துரு வெறும் ரசாயனமில்லை. அந்தக் கைகள் எந்த நாளில் நின்றன என்று இரும்பு எழுதிவைத்த குறிப்பு. மீட்டெடுப்பவர் முதலில் அழிப்பது இந்தக் குறிப்பைத்தான். பிறகு அந்தப் பெண்கள் செய்த அதே வேலையை, அதே கறுப்பைக் கொண்டு செய்கிறார். இப்போது அது கைவினை. விலை உண்டு, பெயர்ப்பலகை உண்டு.

அந்தக் கறுப்பு எது? கிராஃபைட். நம் பழைய சொல் காரீயம். ஈயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமலே வந்த பெயர். 1827இல் தொடங்கிய ஜோசப் டிக்சனின் கம்பெனி அடுப்பு மெருகும் உலோகம் உருக்கும் மூசையும் செய்து விற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகச் சந்தைக்கு நல்ல காரீயம் போனது பெரும்பாலும் இலங்கையிலிருந்து. அமெரிக்கா அதைப் பெருமளவில் வாங்கிய நாடுகளில் ஒன்று. மூசைக்குப் போனதுதான் அதிகம். வார்ப்படச் சாலையில் தகடு வழவழப்பாக வர அச்சு மணலின் முகத்தில் தூவும் பொடியிலும் அது கலந்தது. இலங்கையில் ஆண்கள் குழிக்குள் இறங்கி வெட்டிய கட்டிகளைக் கொழும்புக் கிட்டங்கிகளில் பெண்கள் தரம் பிரித்தார்கள்.

அடுப்புக் கதவின் சன்னலில் கண்ணாடி நிற்காது; மைக்காத் தகடு வைப்பார்கள். மீன்பசையின் பெயரால் அதை ‘ஐசிங்கிளாஸ்’ என்பார்கள் அங்கே. நாம் காக்காய்ப்பொன் என்கிறோம். முதலில் நியூ ஹாம்ப்ஷயரும் வட கரோலினாவும் கொடுத்தன. 1880களுக்குப் பிறகு இந்திய மைக்கா வந்து விலையை உடைத்தது: பீகாரின் கோடர்மா, ஹசாரிபாக், சென்னை மாகாணத்தில் நெல்லூர். ஏடு ஏடாகப் பிரித்தெடுத்தது பெண்களும் குழந்தைகளும். தகட்டு மைக்காவுக்கு இன்றைக்கும் இந்தியா முக்கிய இடம். ஜார்க்கண்ட், பீகார்ப் பகுதிக் கள்ளச் சுரங்கங்களில் குழந்தைகள் செத்ததும் மறைக்கப்பட்டதும் 2016இல் செய்தியானது. மீட்டெடுப்பில் ஆக எளிய வேலை மைக்கா மாற்றுவதுதான் என்கின்றன கையேடுகள், கத்தரிக்கோலால் வெட்டலாம்.

எந்த அடுப்பை மீட்பது என்ற தேர்விலும் அரசியல் இருக்கிறது. மிச்சிகனின் டவுஜியாக் ஊரில் பெக்வித் 1871 வாக்கில் தொடங்கிய ‘ரவுண்ட் ஓக்’ அடுப்பை எடுத்துக்கொள்வோம். பிற்காலத்து அடுப்புகளின் உச்சியில் செவ்விந்தியத் தலைவர் ஒருவரின் உருவம் நிற்கும். ஊர்ப் பெயரையே திரித்து அவருக்கு ‘டோ-வா-ஜாக்’ என்று பெயர் வைத்தார்கள். அப்படி ஒரு தலைவர் கிடையாது. ஆனால் அந்த வட்டாரத்தில் பொட்டவாட்டமி மக்கள் மெய்யாகவே இருந்தார்கள். 1830களில் துரத்தப்பட்டவர்கள் போக மிஞ்சியவர்களின் வழிவந்த பொகேகன் குழுவை அமெரிக்க அரசு மறுபடி அங்கீகரித்தது 1994இல்தான். அவர்களின் தலைமையிடம் இன்று அதே டவுஜியாக். உருவம் இல்லாத அடுப்புக்கு அதன் நகலை வார்த்து வாங்கிப் பொருத்துகிறார்கள். இல்லாத தலைவர் பிரதிமேல் பிரதியாகப் பெருகுகிறார்.

அலங்காரம்தான் உயிர்பிழைக்கிறது. ரயில்வே காவலாளி அறையின் குட்டை அடுப்பு, சலவைக்காரியின் மொட்டைத் தகட்டு அடுப்பு இவற்றை மீட்டெடுப்பதற்குப் பெரிய சந்தை இல்லை. யுத்தகாலமான 1942இல் பழைய இரும்பு திரட்டியபோது எத்தனையோ அடுப்புகள் உலைக்குப் போயின. மிஞ்சியதற்குச் சட்டமே வரம்பு கட்டுகிறது. ஒரெகான் மாநிலத்தில் 2010 ஆகஸ்டிலிருந்து வீடு கைமாறும்போது சான்றிதழ் இல்லாத விறகடுப்பைக் கழற்றியாக வேண்டும். விறகுப் புகையின் கெடுதல் நிஜம். நோக்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழம்பொருள் அடுப்புக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். எது பழம்பொருள்? 1940க்கு முந்தியதாக இருக்க வேண்டும். வேலைப்பாடு மிக்கதாக இருக்க வேண்டும். சாதாரண அடுப்பைவிட விலை கணிசமாகக் கூடியதாகவும் இருக்க வேண்டும். வயது மட்டும் போதாது. பூ இல்லாத, முலாம் இல்லாத, உச்சியில் பொய்த் தலைவர் இல்லாத அடுப்பை வீடு விற்கும்போது கழற்றி, மறுபடி எரிக்க முடியாதபடி அழித்து, அழித்த விவரத்தை மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.